ரங்கூன்காரர் தூக்கிய கை

ஊசி போடுவது, கட்டுப் போடுவது, மருந்து அளப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் மூக்கை நுழைக்க நான் வரவில்லை. நம் கால்நடைத் துறையில் மாட்டு டாக்டருக்கு உதவியாக, ஸ்டாக்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. கூட வேலை செய்த ஒருவர்மேல் எனக்கு வயிறு எரிந்த கதை ஒன்று இருக்கிறது. அந்த எரிச்சலில் ஒரு குதிரையின் காலை நான் கெடுத்தேன். கையால் தொடாமலே கெடுத்தேன். அதைச் சொல்கிறேன்.

குதிரை என்றதும் சிரிப்பீர்கள். காட்டு மரம் இழுக்கிற யானையைத்தான் நீங்கள் இந்தத் தீவுகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அறுபதுகளின் நடுவில் மாயாபந்தரை ஒட்டிய செட்டில்மென்ட் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. ஜெட்டித் துறையில் இறங்கும் விதை மூட்டையும் மருந்துப் பெட்டியும் உள்ளே போக வேண்டுமென்றால் தலைச்சுமைதான். அதற்காக மெயின்லேண்டிலிருந்து ஆறு மட்டக்குதிரைகளைக் கப்பலேற்றினார்கள். கூடவே என்னையும் ஏற்றினார்கள். அதற்குமுன் நான் மெட்ராஸில் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஆள். குதிரை தெரிந்தவன் என்பதால்தான் இந்தச் சர்க்கார் வேலையே எனக்குக் கிடைத்தது.

ஆறில் ஒருத்தி ராணி. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கப்பலில் அவள் தீனியைத் தொடவில்லை. நான் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்து, ஊறவைத்த கொள்ளை உள்ளங்கையில் வைத்து ஊட்டிக்கொண்டே வந்தேன். கரை சேர்ந்த பிறகு நான் லாயத்துக்குள் நுழைந்தால் போதும், ராணி தலையைத் திருப்பிக் கனைப்பாள். அப்போது நான் தனி ஆள். அந்தத் தீவில் எனக்காகத் தலையைத் திருப்புகிற ஜீவன் அவள் ஒருத்திதான்.

அப்புறம் மாரிமுத்து வந்தார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ரங்கூன் பந்தய மைதானத்தில் அவருடைய அப்பா குதிரைக்காரர், இவரும் குதிரைக்காரர். மனைவியும் இரண்டு பெண்களும் மெட்ராஸுக்கு வெளியே அகதி முகாமில் இருந்தார்கள். இவர் மட்டும் வேலை தேடி இங்கே வந்தார். லாயத்தில் தினக்கூலியாக எடுத்துக்கொண்டோம். வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், வேலையில் எனக்குக் கீழே. ஆனாலும் முதல் நாளே என்னைத் 'தம்பி' என்றார். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

பத்தே நாள். ஒரு காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்தே லாயத்துக்குள் போனோம். ராணி தலையைத் திருப்பினாள், கனைத்தாள். என்னைப் பார்த்து இல்லை.

"என்னண்ணே போட்டீங்க அதுக்கு? வெல்லமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டதாக ஞாபகம்.

"ஒன்னும் போடலயே தம்பி. சும்மா பேசிக்கிட்டிருப்பேன்."

"குதிரைகிட்ட இன்னா பேசுவீங்க?"

"ஊர்க்கதைதான். வேற யாருகிட்ட பேச?"

வெல்லம் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நானும் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கலாம். வெறும் பேச்சுக்கு அவள் போய்விட்டாள் என்பதுதான் தாங்கவில்லை. நான் ஒளிந்து நின்றுகூட அவர் பேசுவதைக் கேட்டேன். ரங்கூனில் மழை எப்படிப் பெய்யும், எந்தத் தெருவில் டீ நன்றாக இருக்கும், இதுதான் பேச்சு. மறுநாள் யாரும் இல்லாதபோது நானும் போய்ச் சைதாப்பேட்டைக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ராணி புல் தின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் டாக்டர் ஒரு வங்காளி, தமிழ் பேச வராது, கேட்டால் புரியும். பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவர் போட்ட பிச்சை. எது என்றாலும் "மெட்ராஸி, இதர் ஆவ்", இங்கே வா என்று என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு மாதத்தில் அது "ரங்கூன்வாலா கோ புலாவ்" என்று மாறியது. ஒரு குதிரை இருமினாலும் ரங்கூன்காரரைக் கூப்பிடு, லாடம் தேய்ந்தாலும் ரங்கூன்காரரைக் கூப்பிடு. அவரை நிரந்தரமாக்கச் சொல்லி டாக்டரே போர்ட் பிளேருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். வழி நெடுக அது கையைச் சுட்டது.

அந்த வருஷம் குடியரசு தினத்துக்குப் போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி லாஞ்சுப் படகில் வருவதாக இருந்தது. நமக்கு ஆறு குதிரை இருக்கிறது, பந்தயம் தெரிந்த ஆள் இரண்டு பேர் இருக்கிறார்கள், கர்மாட்டாங் கடற்கரையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒரு குதிரைப் பந்தயம் வைத்தால் என்ன என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது. கான்ஸ்டபிள்கள் ஓட்டுவது, நான் கொடியை இறக்கித் தொடங்கிவைப்பது என்று ஏற்பாடு. விதிகளை எழுதச் சொல்லி எங்கள் இருவரையும் முன்னால் உட்காரவைத்தார். நோட்டில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் மெட்ராஸ், அந்தப் பக்கம் ரங்கூன் என்று தலைப்பு எழுதினேன்.

சண்டை திசையிலேயே தொடங்கியது. நாங்கள் மெட்ராஸில் ஓட்டிய திசைக்கு நேர் எதிராகத்தான் ரங்கூனில் ஓட்டுவார்கள் என்றார் அவர். அப்படி ஓட்டினால் குதிரைக்குத் தலை சுற்றும் என்றேன் நான். டாக்டர் சிரித்தார். அமெரிக்காவில் எல்லா மைதானத்திலும் இடப்பக்கமாகத்தான் சுற்றும், இங்கிலாந்தில் மைதானத்துக்கு மைதானம் மாறும், எப்படி ஓடினாலும் சாமி கண்ணைக் குத்தாது என்றார். கடைசியில் வளைவே வேண்டாம், மணலில் நேராக ஓடட்டும் என்று முடிவானது. அடுத்தது தீனி. பந்தயக் காலையில் நாங்கள் குதிரைக்கு ஒரு கை கொள்ளு வைத்துத் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அவர்கள் தவிட்டைப் பிசைந்து கொடுப்பார்களாம். ஓட்டம் முடிந்ததும், ஓட்டினவன் சேணத்தோடு எடை பார்த்து முடிக்கும்வரை எங்கள் வழக்கப்படி வேறு யாரும் குதிரையைத் தொடக் கூடாது. அவர்களிடம் குதிரைக்காரன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வானாம்.

"கட்டிப் புடிச்சா எடை ஏறிடுமா தம்பி?" என்று கேட்டார். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசியாகத்தான் அந்த விஷயம் வந்தது. மெட்ராஸில் குதிரைக்காரரின் வேலை மைதான வாசலோடு சரி. அதற்கப்புறம் பேசலாம் என்றால் அது ஓட்டுகிறவர், இல்லையென்றால் டாக்டர். நான் அதைச் சொன்னேன்.

"எங்க பக்கம் அப்புடி இல்ல தம்பி. குதிரக்காரன் பொறப்படுற எடம் வரைக்கும் கூடவே போவான். குதிரைக்கு என்னமோ சரியில்லேன்னு மனசுல பட்டுச்சுன்னா கைய மேல தூக்குவான். தூக்கிட்டான்னா கொடி எறங்கப்படாது. அவன் கூலிக்காரனான்னு யாரும் கேக்க மாட்டாக."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தின் அருமை என்னைவிட வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. மெட்ராஸில் ஒரு நாள், வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு குதிரை பின்னங்காலை வைக்கிற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. கத்தினேன். ஒரு அதிகாரி திரும்பிப் பார்த்து, உன் வேலை வாசலோடு முடிந்தது, வாயை மூடு என்றார். மூடினேன். அந்தக் குதிரை வண்டியில் கிடந்துதான் திரும்பி வந்தது. என்னைப் போன்றவன் வாய்க்கு அங்கே மதிப்பில்லை என்று பல நாள் மனசுக்குள் குமுறியவன் நான். அப்படிப்பட்டவனுக்கு ரங்கூன் வழக்கத்தைக் கேட்டதும் என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கொடி என் கையில் இருக்கப்போகிறது, அதை நிறுத்துகிற அதிகாரம் இவர் கையிலா?

டாக்டர் என்னிடம், "ஜோ கோடே கே லியே அச்சா ஹை, வஹி லிகோ" என்றார். குதிரைக்கு எது நல்லதோ அதை எழுது, முடிவு உன்னுடையது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் விதிகளைச் சுத்தமாக எழுதும்போது, கை தூக்குகிற வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். மாரிமுத்துவிடம் சொல்லவில்லை. டாக்டர் நோட்டை வாங்கிப் பார்க்கவும் இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பந்தயத்தன்று கர்மாட்டாங்கில் சரியான கூட்டம். வங்காளி செட்டிலர்கள், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்கள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், நம் ஆட்கள் என்று மாயாபந்தரே மணலில் நின்றது. அதிகாரி வருவதற்குத் தாமதமாகிவிட்டது. தண்ணீர் ஏற ஆரம்பித்தால் ஓடுவதற்கு மணல் இருக்காது, லாஞ்சும் அதற்குள் கிளம்பியாக வேண்டும். "ஜல்தி கரோ, ஜல்தி" என்று ஆள்மேல் ஆள் வந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் அதிகாரியும் முடிவுக் கோட்டில், கண்ணுக்குப் பொம்மை மாதிரித் தெரிகிற தூரத்தில் இருந்தார்கள். நான் இந்த முனையில் ஒரு எண்ணெய் டிரம்மின்மேல் சிவப்புக் கொடியோடு நின்றேன்.

ஆறு குதிரைகளும் வரிசைக்கு வந்தன. ராணியின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மாரிமுத்து வந்தார். கூட்டத்தில் பாதி "ராணி, ராணி" என்றது. அவர் குனிந்து அவளுடைய முன்னங்காலைப் பார்த்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கையை மேலே தூக்கினார்.

நான் கவனிக்கவில்லை என்று உங்களிடம் சொல்லிவிட ஆசைதான். கவனித்தேன். விரல் ஐந்தும் விரிந்திருந்தது வரை தெரிந்தது. கொடியை இறக்காமல் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள், டாக்டர் ஓடி வருவார், ரங்கூன்வாலா பலே என்பார். விதியில்தான் அந்த வரி இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராணியின் காலை நான் பார்க்கவே இல்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை இறக்கினேன்.

முக்கால் தூரம் அவள்தான் முதலில் ஓடினாள். அப்புறம் இடது முன்னங்கால் மடங்கியது. ஓட்டின கான்ஸ்டபிள் மணலில் உருண்டு எழுந்துவிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ராணி எழ முயன்றாள், முடியவில்லை. மூன்றாவது முயற்சியில் எழுந்து, அந்தக் காலை ஊன்றாமல் மூன்று காலில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாரிமுத்து அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் மண்டியிட்டுக் காலைத் தடவிப் பார்த்தார். "ஹட்டி நஹி டூட்டா" என்றார். எலும்பு உடையவில்லை. காலின் பின்பக்கத்துத் தசைநார் அறுந்துபோகிற அளவுக்குப் போயிருந்தது. லாஞ்சிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டாக்டரும் அதிகாரியோடு போயாக வேண்டும், திரும்ப ஒரு வாரம் ஆகும். அவர் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இப்படிக் கால் போன குதிரைக்கு அதுதான் வைத்தியம்.

பிறகு மாரிமுத்துவைப் பார்த்து, "தும் தோ வஹி கடா தா. ஹாத் நஹி உட்டாயா?" என்று கேட்டார். நீ அங்கேயேதானே நின்றாய், கை தூக்கவில்லையா?

மாரிமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நஹி சாப்," என்றார். "கவனிக்காம விட்டுட்டேன்."

டாக்டரின் முகம் கறுத்துப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. மாரிமுத்துதான் மறுபடியும் பேசினார். "சுட வேணாம் சாப். இந்தத் தம்பி கட்டுனா காலு நிக்கும். பந்தயக் குதிரைக்கே கட்டுன கை. ஒரு வாரம் குடுங்க."

"ஏக் ஹஃப்தா," என்றார் டாக்டர் என்னிடம். "வாபஸ் ஆவுங்கா, பைர் நஹி ரக்கா தோ கோலி." ஒரு வாரத்தில் திரும்பி வருவேன், அதற்குள் அவள் கால் ஊன்றாவிட்டால் குண்டுதான். சொல்லிவிட்டு லாஞ்ச் பக்கம் ஓடினார்.

இருவருமாக அவளை மெதுவாக லாயத்துக்கு நடத்திப் போனோம். மெட்ராஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சுடு ஒத்தடம். நான் வெந்நீர் போடப் போனேன். "இப்ப வேணாம் தம்பி. மொதல்ல கடல்ல நிறுத்துவோம், ஜில்லுன்னு இருக்கட்டும். வீக்கம் வடியட்டும், அப்பறம் ஒங்க ஒத்தடம்" என்றார். மறுத்துப் பேச அன்றைக்கு எனக்கு வாய் எது? முட்டியளவு தண்ணீரில் அவளை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கேட்டேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"கை தூக்கலைன்னு. நான் பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார். "சொல்லியிருந்தா ஒங்கள அப்பவே லாஞ்சுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருப்பாக. டாக்டரும் போறாரு. இதுக்குக் கட்டுப் போட யாரு இருக்கா? எனக்குக் கட்டத் தெரியாது தம்பி. இதுக்கு இப்ப ஒங்க கை வேணும்."

அவ்வளவுதான். என்மேல் இரக்கமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவருடைய வேலை, முகாமில் காத்திருந்த மனைவி, மகள்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, குதிரைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யோசித்திருக்கிறார். அதே கடற்கரையில், அதே அவசரத்தில், நான் என்ன யோசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அழுகை வரும் என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதிலும் இவர்தான் ஜெயிக்க வேண்டுமா?

கட்டினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கட்டு அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. காலையில் கடல், பிறகு ஒத்தடம், பிறகு கட்டு. ஆறாம் நாள் ராணி குளம்பின் நுனியை மெல்லத் தரையில் வைத்தாள். ஏழாம் நாள் முழுக்காலையும் ஊன்றினாள். டாக்டர் வந்து பார்த்தார், என் முதுகைத் தட்டினார். இனி ஓடமாட்டாள், சுமையும் தூக்கமாட்டாள், ஆனால் பிழைத்துவிட்டாள் என்றார். அதே மூச்சில், கவனக்குறைவுக்காக மாரிமுத்துவின் பெயரை நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதப்போவதாகவும் சொன்னார்.

நான் நினைத்தது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. டாக்டரின் வாயில் மறுபடியும் மெட்ராஸி, மெட்ராஸி என்று என் பெயர்தான். மாரிமுத்து ஒன்றும் நடக்காதவர் மாதிரி லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் கை தூக்கியதைப் பார்த்த கூட்டத்துக்கு அதன் அர்த்தம் தெரியாது; அவர் செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அது முழுக்க என் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், அடித்திருந்த வரியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்த வரியைப் படித்துப் பார்த்தார். "இப்போது ஏன் சொல்கிறாய்?" என்று இந்தியில் கேட்டார்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "அவருக்குக் கடன்பட்டு, அவருக்குக் கீழேயே காலம் பூரா இருக்க முடியாது சாப்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "லோக் தர்ம கே லியே சச் போல்தா ஹை, தும் ஜலன் மே போல்தா" என்றார். எல்லாரும் தர்மத்துக்காக உண்மை சொல்வார்கள், நீ வயிற்றெரிச்சலில் சொல்கிறாய். அப்புறம் நோட்டை மூடி, "டீக் ஹை. சச் தோ சச் ஹை" என்று முடித்தார். சரி, உண்மை உண்மைதானே.

மாரிமுத்துவின் பெயர் பட்டியலுக்குத் திரும்ப வந்தது. எனக்கு ஒரு வருஷம் சம்பள உயர்வு நின்றது, போர்ட் பிளேருக்கு மாற்றல். அது நியாயம்தான். அதற்கப்புறம் நான் வேலை செய்த இடத்திலெல்லாம் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். மாட்டைப் பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும், பால்காரம்மாவோ சாணி அள்ளுகிறவரோ, கையைத் தூக்கினால் என் ஊசி நிற்கும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நீங்களும் அப்படிச் செய்தால் சந்தோஷம். பொறாமை வராமல் இருக்க என்ன வழி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கொடி உங்கள் கையில் இருக்கும்போது அது வந்தால், குதிரையின் காலைப் பாருங்கள்.

நான் கிளம்பிய அன்று மாரிமுத்து ராணியையும் ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் நொண்டிக்கொண்டே வந்தாள். அடுத்த கப்பலில் தன் வீட்டுக்காரி வருவதாகச் சொன்னார். நான் சரி என்றேன். கயிறு அவிழ்த்து லாஞ்ச் நகர்ந்தது. அவர் கையை மேலே தூக்கினார். "ரோக்கோ! ரோக்கோ!" என்று கத்தினேன். லாஞ்சை ஓட்டிய சாரங் இன்ஜினை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று திட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஒன்னுமில்ல தம்பி!" என்று மாரிமுத்து கரையிலிருந்து கத்தினார். "போயிட்டு வாங்கன்னு காட்டுனேன்!"

லாஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. நான் ராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வளைவு திரும்பும்வரை பார்த்தேன், ஒரு தடவையாவது என் பக்கம் தலையைத் திருப்புவாள் என்று. திருப்பவில்லை.